ஒரு மலை, ஒரு மொட்டைமாடி: பெருந்தொற்றுக் காலத்து வார இறுதிக்கு மதுரைச் செய்முறை

2020 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை என்றாலே முழு ஊரடங்கு. மதுரையில் ஜூன் 24 முதலே கெடுபிடி தொடங்கிவிட்டது. செப்டம்பரில் ஞாயிறு திரும்பக் கிடைத்ததும், பட்டினி கிடந்தவன் பந்தியில் உட்கார்ந்த கதையாக, ஒரே நாளில் மூன்று இடங்களுக்குக் கிளம்பினோம். ஆனைமலையில் பாறை சுட்டது. அடுத்த இடத்தில் கூட்டத்தைப் பார்த்து வண்டியை விட்டு இறங்கவே இல்லை. தெப்பக்குளம் வரும்போது மகள் வாந்தி எடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு பழகிக்கொண்ட முறை இது.

படி 1: ஒரே ஓர் இடம்

ஒரு வாரத்துக்கு ஓர் இடம் போதும். மூன்று நிபந்தனைகள் வைத்துக்கொள்ளுங்கள். திறந்த வெளியாக இருக்க வேண்டும். வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் போய்ச்சேர வேண்டும். டிக்கெட் வரிசை இருக்கக் கூடாது. எங்கள் தேர்வு கீழக்குயில்குடி சமணர் மலை. தேனி சாலையில் நாகமலை புதுக்கோட்டை வரை போய் இடப்புறம் திரும்பினால் வந்துவிடும். அன்றைய விதிமுறை என்ன என்பதை முதல் நாளே பார்த்துவிடுங்கள். வாரத்துக்கு வாரம் மாறிய காலம் அது.

படி 2: வெள்ளி இரவே மூட்டை கட்டுதல்

ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், அடையாளத்துக்கு மூடியில் வண்ண நூல். தொற்றுக் காலத்தில் "ஒரு வாய் கொடு" என்ற பழக்கத்தை நிறுத்துவதுதான் எங்களுக்குக் கடினமாக இருந்தது. ஆளுக்கு இரண்டு முகக்கவசம், ஏனென்றால் வியர்வையில் நனைந்த கவசம் மூச்சை அடைக்கும். சோப்பு, துண்டு, குப்பைக்கு ஒரு பை. சாப்பாட்டுக்குப் பொடி தடவிய இட்லியை அடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. சட்னியைக் கொண்டுபோய்ச் சட்டையில் ஊற்றிக்கொள்ளாதீர்கள்.

யாருக்காவது தொண்டை கரகரத்தாலோ உடம்பு கதகதத்தாலோ பயணம் ரத்து. இதில் சமரசமே கிடையாது, வீட்டில் அத்தைக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

படி 3: விடியலில் மலை

ஆறரைக்கு அடிவாரத்தில் இருங்கள். ஆலமரங்களும் அய்யனார் கோயிலும் தாமரைக்குளமும் அந்த நேரத்தில் அநேகமாக உங்களுக்கே சொந்தம். ஒன்பது மணிக்குமேல் பாறை அடுப்புக்கல்லாகிவிடும்.

பிள்ளைகளிடம் வரலாற்றுப் பாடம் ஒப்பிக்காதீர்கள். நானும் "ஒன்பதாம் நூற்றாண்டு" என்று ஆரம்பித்துப் பார்த்தேன். மகன் எறும்பைப் பார்க்கப் போய்விட்டான். தேடச் சொல்லுங்கள். படிக்கட்டில் ஏறினால் பேச்சிப்பள்ளம். அங்கே பாறையில் வரிசையாகச் சிற்பங்கள். தலைக்குமேல் பாம்பு படமெடுத்திருப்பவர் யார் என்று கேளுங்கள்; அவர் பார்சுவநாதர், சமண சமயத்துக்கு வழிகாட்டிய தீர்த்தங்கரர்களில் ஒருவர். காலில் கொடி சுற்றி நிற்பவர் யார்? அசையாமல் தவத்தில் நின்றதால் கொடி படர்ந்த சமணத் துறவி பாகுபலி. கீழே இருக்கும் எழுத்துகளைப் படிக்க முடியவில்லை என்று பிள்ளைகள் புகார் சொல்வார்கள். அது வட்டெழுத்து, பாண்டிய நாட்டில் தமிழ் எழுதப்பட்ட பழைய வடிவம். "அம்மாவுக்கும் படிக்கத் தெரியாதா?" என்று மகள் மகிழ்ச்சியோடு கேட்டாள்.

கீழே இறங்கி மலையின் மறுபக்கம் போனால் செட்டிப்புடவு; புடவு என்றால் குகை. குகைக்கு வெளியே பெரிய தீர்த்தங்கரர் உருவம். நீண்ட காதுகளைப் பார்த்து ஊர்க்காரர்கள் செட்டியார் என்று நினைத்துக்கொண்டார்கள், பெயரும் நிலைத்துவிட்டது. குகைக்குள் சிங்கத்தின் மீதமர்ந்து யானைமேல் வரும் வீரனோடு போரிடும் பெண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், அவள் அம்பிகா, சமணர்களின் காவல் தெய்வம். என் மகள் அந்த இடத்தை விட்டு நகர மறுத்தாள். குகை சிறியது, காற்றோட்டம் குறைவு. உள்ளே வேறு குடும்பம் இருந்தால் அவர்கள் வெளியே வரும்வரை காத்திருங்கள். எழுத்துகள் தெளிவாகத் தெரியட்டும் என்று சுண்ணக்கட்டியால் தேய்ப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கை துறுதுறுக்கிறது. நீங்கள் தொடாமலே பார்க்கலாம், சாய்வான காலை வெயிலே எழுத்தை எடுத்துக்காட்டும்.

கை கழுவி, ஆலமரத்தடியில் இட்லி. பத்து மணிக்கு வீடு.

அடுத்த மாதமும் இதே மலைக்குத்தான் போனோம். முதல்முறை பார்க்காமல் விட்டவற்றைப் பிள்ளைகளே எங்களுக்குக் காட்டினார்கள்.

படி 4: சனிக்கிழமை மாலை, கடை மூடுமுன்

ஞாயிறு முழு ஊரடங்கு இருந்த வாரங்களில் மறுநாள் பால் கடையும் மருந்துக் கடையும்தான் திறந்திருந்தன. பாதாம் பிசின், நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம் மூன்றையும் அன்றே வாங்கிவிடுங்கள்.

படி 5: ஞாயிறு ஜிகர்தண்டா

நான்கு பேருக்கு ஒரு மேசைக்கரண்டி பாதாம் பிசினைக் கழுவி, பெரிய பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் ஊற்றி இரவே ஊறவையுங்கள். கொஞ்சம்தானே என்று நான் ஒரு கைப்பிடி போட்டேன். காலையில் பாத்திரம் பொங்கி வழிந்து மேடையெல்லாம் வழவழப்பு. ஒரு லிட்டர் பாலை அரை லிட்டராகும்வரை சிறுதீயில் காய்ச்சுங்கள். அடிபிடிக்காமல் கிளறுவது அப்பாவின் வேலையாக இருக்கட்டும். இரண்டு கரண்டிச் சர்க்கரையைத் தனியாகக் கருக்கிச் சேர்த்தால் கடை நிறம் வரும். நன்றாக ஆறவைத்துக் குளிரூட்டுங்கள். டம்ளரில் முதலில் பிசின், பிறகு சர்பத், பால், மேலே ஐஸ்கிரீம். அடுக்குவது பிள்ளைகளின் உரிமை.

படி 6: மொட்டைமாடி

பாயும் தலையணையும் போதும், தொலைநோக்கி வேண்டாம். 2020 டிசம்பரில் சூரியன் மறைந்ததும் மேற்கே வியாழனும் சனியும் வாரத்துக்கு வாரம் நெருங்கி வந்தன. 21ஆம் தேதி கிட்டத்தட்ட ஒட்டியே நின்றன. சனி பகவானும் குருவும் சேர்கிறார்கள் என்று அத்தை விளக்கேற்றினார். பிள்ளைகள் விரலை நீட்டி இடைவெளியை அளந்தார்கள். வேறு மாதமானால் நிலாவிலிருந்து தொடங்குங்கள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நின்று, அது எந்த வீட்டுத் தண்ணீர்த்தொட்டிக்கு மேலே இருக்கிறது என்று நோட்டில் வரையச் சொல்லுங்கள்.

ஊறிய பிசின் மிஞ்சினால் குளிர்பெட்டியில் இரண்டு நாள் தாங்கும். திங்கட்கிழமை எலுமிச்சைச் சாற்றில் போட்டுக் குடிக்கலாம்.