நோயில் கிடந்து மறைந்த நண்பருக்குக் கையறுநிலை எழுதுவது எப்படி?

இறந்தவரை நினைந்து வருந்திப் பாடும் பாட்டுக்குக் கையறுநிலை என்று பெயர். நண்பரை இழந்தவர் அதை எழுத உட்கார்ந்ததும் முதலில் கைக்கு வருவன, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளில் நாம் நாள்தோறும் காணும் சொற்களே: இமயம் சரிந்தது, விளக்கு அணைந்தது, ஈடுசெய்ய முடியாத இழப்பு. அவற்றைத் தடுக்க வேண்டாம். ஒரு தாளில் எழுதித் தீர்த்துவிட்டு, அந்தத் தாளை மடித்து வைத்துவிடுங்கள். அவை பொய்யல்ல, ஆனால் யாருக்கும் பொருந்துவதால் உங்கள் நண்பரை அவை காட்டுவதில்லை.

இரண்டாவது தாளில் அவருடைய பழக்கங்களை மட்டும் எழுதுங்கள். இதற்கு ஔவையார் அதியமானை இழந்து பாடிய புறநானூற்று 235ஆம் பாட்டைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை. கள் சிறிதளவே கிடைத்தால் எமக்குத் தந்துவிடுவான். மிகுதியாகக் கிடைத்தால் யாம் பாடத் தானும் மகிழ்ந்து உண்பான். நரந்தம் மணக்கும் தன் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவுவான் என்று அந்தப் பாட்டு அடுக்கிச் செல்கிறது. ஒவ்வொரு நினைவின் முடிவிலும் ‘மன்’ என்ற ஓர் இடைச்சொல் நிற்கிறது. தொல்காப்பியம் அச்சொல்லுக்குச் சொல்லும் மூன்று பொருள்களில் முதலாவது ‘கழிவு’; அதாவது, அது இனி இல்லை என்பது. அந்த அடிகளில் அழுகையை அந்த ஓரசைச் சொல்லிடம் ஒப்படைத்துவிட்டு, ஔவையார் கள்ளையும் சோற்றையும் பற்றியே பேசுகிறார்.

இன்றைய தமிழில் ‘மன்’ நம்மிடம் இல்லை. ஆனால் அதற்கு நிகரான ஒன்று நம் வினைச்சொல்லிலேயே இருக்கிறது. ‘நாளை வருவான்’ என்பதற்கும் ‘அப்போதெல்லாம் தினமும் வருவான்’ என்பதற்கும் நாம் ஒரே வடிவத்தைத்தான் பயன்படுத்துகிறோம். இறந்தவரின் பழக்கங்களை இந்த வடிவத்தில் எழுதும்போது, அவர் இனிமேலும் வருவார், தருவார், சிரிப்பார் என்ற ஒலி வாசிப்பவரின் காதில் விழுந்துகொண்டே இருக்கும். அவர் இல்லை என்பதை நீங்கள் தனியாகச் சொல்லத் தேவையில்லை. எனவே இப்படி முடியும் வாக்கியங்கள் இருபதை எழுதுங்கள். அவற்றில் வேறொருவருக்கும் பொருந்தக்கூடியவற்றை அடித்துவிட்டால் நான்கோ ஐந்தோ மிஞ்சும். கவிதை அவற்றில் இருக்கிறது.

நோயை எழுதுவது இதைவிடக் கடினம். நோயின் பெயரும் மருத்துவமனையின் வெள்ளைச் சுவரும் கவிதைக்குள் நுழைந்தால், நண்பர் நோயாளியாக மட்டும் சுருங்கிவிடுவார். என் நண்பர் சிறுநீரகம் செயலிழந்து, வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்துகொண்டு வாழ்ந்தவர். அதற்காக இரத்தக்குழாய்களை இணைத்திருந்த இடது முன்கையில் விரலை வைத்தால், உள்ளே ஒரு வண்டு இரைவதுபோல அதிரும். என்னைப் பார்த்ததும் அவர் முதலில் என் விரலைப் பிடித்து அங்கே வைப்பார். “ஓடிக்கிட்டுத்தான் இருக்கு” என்பார். நோயைப் பற்றி நான் எழுதிய பல பக்கங்களில் இந்த ஒரு செய்கையைத் தவிர மற்றவை எதுவும் நிற்கவில்லை. நோய் அவரை என்ன செய்தது என்பதை எழுதாமல், நோயை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்தார் என்பதை எழுதுங்கள்.

அருகிலிருந்து பார்த்துக்கொண்டவர்களின் கைகளையும் மறக்க வேண்டாம். புண்பட்டுக் கிடக்கும் வீரனைக் காக்க வேப்பிலை செருகி, ஐயவி என்னும் வெண்கடுகு சிதறி, யாழ் ஒலிக்க, நறும்புகை எழுப்பி, ‘காப்போம் வா, தோழி’ என்று ஒருத்தி அழைக்கிறாள், புறநானூற்றில் அரிசில் கிழாரின் 281ஆம் பாட்டில். அங்கே காயத்தைவிட வீட்டின் வேலைகளே அதிகம். நண்பர் உயிருடன் இருக்கும்போதே குறிப்பெடுக்க விரும்பினால், அவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். அவருக்குத் தெரியாமல் எடுத்த குறிப்பு பின்னாளில் உங்களையே எழுதவிடாது.

புகழ்ச்சி மட்டுமே நிறைந்த இரங்கற்பாவில் நட்பு தெரிவதில்லை. உரிமையுள்ள இடத்தில்தான் குறை சொல்ல முடியும். பாரி இறந்தபின் கபிலர் 236ஆம் பாட்டில் அவனிடம் சண்டை பிடிக்கிறார்: நானும் உடன் வர விடாமல் ‘இங்கேயே இரு’ என்று சொல்லிவிட்டாயே, இத்தனை ஆண்டு என்னைப் பேணியபோதும் உள்ளுக்குள் வெறுத்துத்தான் இருந்தாயோ என்று. கபிலரின் அன்பை இந்தக் கோபத்தைவிட நெருக்கமாக எந்தப் பாராட்டும் காட்டியிருக்காது. உங்கள் நண்பர்மீது மிச்சமிருக்கும் மனத்தாங்கல் ஒன்றை ஒளிக்காமல் அவரிடமே சொல்லுங்கள், ‘நீ’ என்று விளித்தே சொல்லுங்கள். ஆனால் அவர் வீட்டாரைப் புண்படுத்தும் இரகசியம் எதையும் தொடாதீர்கள். வெளியிடும் முன் அவர் மனைவியோ தாயோ ஒருமுறை படிக்கட்டும்.

அடுத்து, அவர் விட்டுச்சென்ற வெற்றிடத்துக்கு ஒரு பொருளைக் கண்டுபிடிக்க வேண்டும். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாநோன்பிருந்து, உயிர்விட, உறையூருக்குத் திரும்பி வந்த அவன் நண்பர் பொத்தியார் அரண்மனையின் பெருமையைப் பாடவில்லை. பல ஆண்டு சோறூட்டி வளர்த்த யானையை இழந்த பாகன், அது கட்டியிருந்த கம்பம் வெறுமையாக நிற்பதைப் பார்த்து அழுததைச் சொல்கிறார். சாத்தன் என்ற வீரனை இழந்து பாடிய குடவாயிற் கீரத்தனாருக்கு ஒல்லையூரில் பூத்த முல்லை போதுமானதாக இருந்தது. தேடிப் போகாதீர்கள், அன்றாடம் கடந்துபோகும் இடத்தில் அது உங்களை நிறுத்தும்.

நீளத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தந்தையை இழந்த பாரி மகளிரின் புறநானூற்றுப் பாட்டு ஐந்தே அடி. முல்லையைப் பார்த்துக் கீரத்தனார் பாடியது ஆறு அடி. எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். குரல் உடையும் வரியை அப்படியே வைத்துக்கொண்டு, குரல் தானாக உயரும் வரியை வெட்டுங்கள். அது பெரும்பாலும் முதல் தாளிலிருந்து தப்பி வந்ததாக இருக்கும்.

என் நண்பருக்குத் தண்ணீர்கூட அளவுதான். டீக்கடையில் அவருக்குப் பாதி டம்ளர் டீதான் வாங்குவோம். அதையும் நான் குடித்து முடிக்கும்வரை கையில் வைத்திருப்பார். அவர் போன பிறகு ஒரு காலையில் அதே கடையில் நின்று, பழக்கத்தில், “ரெண்டு டீ, ஒண்ணு பாதி” என்று சொல்லிவிட்டேன். மாஸ்டர் ஒன்றும் கேட்காமல் இரண்டையும் ஆற்றி வைத்தார். நான்கு மாதமாக எழுத முடியாமல் கிடந்த கவிதைக்கு அன்றைக்குத்தான் முதல் வரி கிடைத்தது.