மெடிகிளெய்ம் படிவத்தில் சுகரை மறைக்காதீர்கள்

மும்பையில் சயானுக்கும் செம்பூருக்கும் நடுவே ஒரு தனியார் மருத்துவமனையில் இன்ஷூரன்ஸ் கவுன்ட்டரில் வேலை பார்க்கிறேன். தாராவி, மாட்டுங்கா, ஆன்டாப் ஹில் பக்கமிருந்து தமிழ்க் குடும்பம் எது வந்தாலும் என்னிடம்தான் அனுப்புவார்கள். முதல்முறை பாலிசி எடுத்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக அதே குழியில் விழுவதைப் பார்த்து மனசு ஆறாமல்தான் இதை எழுதுகிறேன். தேதிக்குள் பிரீமியம் கட்டுங்கள், கார்டைப் பத்திரமாக வையுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று எழுதுவது

தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் ஒரு அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பாலிசி போட்டுக் கொடுத்த ஏஜென்ட்டும் அதே ஊர்தான். "சுகர்னு போட்டா பிரீமியம் ஏறிரும், டெஸ்ட்டெல்லாம் கேப்பான். நான் பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி" என்று சொல்லி, அவரே போனில் படிவத்தை நிரப்பியிருக்கிறார். வந்த ஓ.டி.பி.யை அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது. அந்த ஓ.டி.பி.தான் அவருடைய கையெழுத்து என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

நான்காவது வருடம் நெஞ்சுவலி. இரவோடு இரவாகக் கொண்டு வந்தார்கள், ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றார்கள். டியூட்டி டாக்டர் கேட்டபோது மகன் உள்ளதைச் சொன்னான்: "அப்பா ஆறேழு வருஷமா சுகருக்கு மாத்திரை சாப்பிடுதாவ டாக்டர்." அது அப்படியே கேஸ் பேப்பரில் ஏறியது. பில்லைக் கம்பெனியே நேரடியாகக் கட்டும் கேஷ்லெஸ் வசதியை நாங்கள் கேட்டு அனுப்பியதும், கம்பெனிக்காக கிளெய்மைச் சரிபார்க்கும் டி.பி.ஏ.விடமிருந்து வந்த முதல் கேள்வியே, சுகருக்கு எழுதிக் கொடுத்த முதல் மருந்துச் சீட்டு எங்கே என்பதுதான். மறுநாள் மறுப்பு. பிறகு பாலிசியே ரத்து. கட்டிய பிரீமியமும் போயிற்று. அந்தம்மா வளையலைக் கழற்றி அடகு வைத்துத்தான் டிஸ்சார்ஜ் ஆனார்கள்.

எனக்கு வயிறு எரிவது இதற்கல்ல. அவருடைய பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம், அதாவது அந்த நோய்க்குப் பணம் தராத காலம், மூன்று வருடம்தான். சுகர் இருக்கிறது என்று முதல் நாளே எழுதியிருந்தால், நான்காவது வருடம் வந்த அந்த நெஞ்சுவலிக்கு முழுப் பணமும் கிடைத்திருக்கும். ஏஜென்ட் மிச்சப்படுத்திக் கொடுத்தது வருடத்துக்குச் சில ஆயிரம். போனது நான்கு லட்சத்துக்கு மேல். அந்த ஏஜென்ட் அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

விதி இப்போது முன்பைவிட நமக்குச் சாதகமாக இருக்கிறது. 2024 ஏப்ரல் முதல், ஏற்கெனவே உள்ள நோய்க்கு எந்தக் கம்பெனியும் 36 மாதத்துக்கு மேல் காத்திருக்கச் சொல்ல முடியாது. முன்பு 48 மாதம் வரை போட்டார்கள். தனிநபர், குடும்ப பாலிசிகள் மேலிருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. சுகரைச் சொன்னதற்காகப் பிரீமியம் கொஞ்சம் கூடினாலும், அதைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

"அஞ்சு வருஷம் ஓட்டிட்டா அப்புறம் கேக்க மாட்டாங்க" என்று ஒரு பேச்சு இருக்கிறது. பாதிதான் உண்மை. தொடர்ந்து 60 மாதம் பாலிசி நடந்துவிட்டால், நோயைச் சொல்லவில்லை என்ற காரணத்துக்காக கிளெய்மை மறுக்க முடியாது. ஆனால் மோசடி என்று நிரூபித்தால் மறுக்கலாம். நடுவில் காப்பீட்டுத் தொகையை மூன்று லட்சத்திலிருந்து பத்து லட்சமாக உயர்த்தினால், கூடிய ஏழு லட்சத்துக்கு அந்த 60 மாதம் அன்றிலிருந்துதான் எண்ணப்படும். அதுவரை நெஞ்சுவலி வராது என்று யார் சொல்ல முடியும்?

நீதிமன்றத்துக்குப் போனாலும் அடிப்படை இதுதான். சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் இருந்ததை மறைத்து எடுத்த மெடிகிளெய்ம் ஒன்றில், கம்பெனி பணம் மறுத்தது சரியே என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021 டிசம்பரில் இன்னொரு வழக்கு. அமெரிக்கா போய் இறங்கியதும் மாரடைப்பு வந்தவர். அவர் படிவத்தில் சர்க்கரை நோயைச் சொல்லியிருந்தார். கொழுப்புக்குச் சாப்பிட்ட மாத்திரையைத்தான் சொல்லவில்லை. அதைக் காட்டிக் கம்பெனி பணம் மறுத்தது செல்லாது என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நோயைச் சொன்னவருக்குப் பேச ஒரு இடம் இருந்தது.

நோயை மறைக்க வைப்பது பிரீமியம் மட்டும் இல்லை, வீட்டுப் பேச்சும்தான். பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம், அப்பாவுக்கு சுகர் என்று வெளியே தெரிய வேண்டாம் என்பார்கள். மருமகளுக்குத் தெரியாமல் தைராய்டு மாத்திரை போடும் மாமியார்களை எனக்குத் தெரியும். தம்பிக்கு வலிப்பு வந்தது அண்ணனுக்கே தெரியாத வீடுகள் இருக்கின்றன. "சுகர் கொஞ்சம் பார்டர்ல இருக்கு" என்று சொல்லிச் சொல்லியே பத்து வருடம் ஓட்டிவிடுவார்கள். மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. ரத்தப் பரிசோதனை 6.5 அல்லது அதற்கு மேல் போனால் அது சர்க்கரை நோய்தான். 5.7-லிருந்து 6.4 வரைதான் பார்டர். தினமும் சுகர் மாத்திரை போடுகிறவர் பெரும்பாலும் பார்டரைத் தாண்டியவர்தான்.

அதனால் படிவம் நிரப்பும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். வாயால் கேட்டால் அம்மா "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். மெட்ஃபார்மின் இருந்தால் பெரும்பாலும் சுகர், அம்லோடிபின், டெல்மிசார்டன் இருந்தால் பிரஷர், தைராக்சின் இருந்தால் தைராய்டு. டப்பாவில் உள்ள ஒவ்வொரு பட்டைக்கும் படிவத்தில் ஒரு பதில் இருக்க வேண்டும். பழைய ஆபரேஷன், கர்ப்பப்பை எடுத்தது, எப்போதோ ஆஸ்பத்திரியில் நாலு நாள் படுத்தது, எல்லாமும்.

பாலிசி கையில் வந்ததும் உங்கள் படிவத்தின் நகலைப் பாருங்கள். வரிசையாக 'இல்லை' என்று இருந்தால் அன்றே கம்பெனிக்கு மெயில் போடுங்கள். பிடிக்கவில்லை என்றால் பாலிசியைத் திருப்பிக் கொடுக்க 30 நாள் இருக்கிறது. பல வருடம் முன்பே மறைத்து எடுத்தாயிற்றா? இப்போதாவது எழுதித் தெரிவியுங்கள். பிரீமியம் கூட்டலாம், புதிதாகக் காத்திருக்கச் சொல்லலாம், ரத்துகூடச் செய்யலாம். எது நடந்தாலும், ஐ.சி.யூ. வாசலில் நிற்கும்போது தெரிய வருவதைவிட இது மேல்.

ஆஸ்பத்திரியில் நோய் விவரம் சொல்லும்போது டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள், அது உயிர் விஷயம். ஆனால் குத்துமதிப்பாகவும் பேசாதீர்கள். சுகர் வந்து மூன்று வருடம்தான் ஆகியிருக்கும். பதற்றத்தில் மச்சான் "ஒரு பத்து வருஷம் இருக்கும்" என்று சொல்லிவிடுவார். பாலிசிக்குப் பிறகு வந்த நோய், பாலிசிக்கு முன்பே இருந்ததாகக் காகிதத்தில் ஆகிவிடும். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், பழைய சீட்டைக் கொண்டுவந்து காட்டுங்கள். தவறாக எழுதிவிட்டார்கள் என்றால், ஆதாரத்தோடு உங்கள் டாக்டரிடமே போய் அன்றே திருத்தச் சொல்லுங்கள்.

'நல்ல ரூம் குடுங்க' என்று கேட்பது

பழைய பாலிசிகளில் பலவற்றில் அறை வாடகை, காப்பீட்டுத் தொகையில் ஒரு நாளைக்கு 1 சதவீதம்தான். மூன்று லட்சம் பாலிசி என்றால் 3,000 ரூபாய். நீங்கள் 6,000 ரூபாய் தனி அறை எடுக்கிறீர்கள், நான்கு நாள். வித்தியாசம் 12,000 ரூபாய்தானே, கையிலிருந்து கட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கிறீர்கள்.

அப்படிக் கணக்குப் போட மாட்டார்கள். தகுதியான அறையைவிட இரண்டு மடங்கு வாடகைக்குப் போனதால், டாக்டர் ஃபீஸ், தியேட்டர், நர்சிங் கட்டணங்களும் பாதியாகும். அவை 1,60,000 வந்திருந்தால் 80,000 வெட்டு. அறைக்கு 12,000 வெட்டு. மருந்து, உடலில் வைக்கும் சாதனம், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்ந்த 90,000-ல் இந்த வெட்டு கிடையாது. 2020-ல் வந்த விதி அப்படி. ஆக 2,74,000 பில்லில் 92,000 உங்கள் கையிலிருந்து போகும்.

ஐ.சி.யூ. கட்டணத்தில் இந்த விகித வெட்டு கூடாது. அறைக்கு அறை கட்டணம் மாறாத மருத்துவமனையிலும் கூடாது. வெட்டியிருந்தால் கேளுங்கள், நாங்களே மறுபடி எழுதி அனுப்பித் திரும்ப வாங்கியிருக்கிறோம். அட்மிஷன் போடும் முன் கவுன்ட்டரில் ஒரே கேள்வி கேட்டால் போதும்: "என் பாலிசிக்கு எந்த ரூம் வரைக்கும்?"

கம்பெனி பாலிசி இருக்கே என்று இருந்துவிடுவது

பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸிலும் பவாயிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் சொல்வது இது. கம்பெனி பாலிசி நல்லதுதான், பெரும்பாலும் பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்தே பணம் தரும். வேலை போகும் நாளில் அதுவும் போகும். நாற்பத்தைந்து வயதில், சுகரும் பிரஷரும் வந்த பிறகு புதிதாகப் பாலிசி தேடி அலைவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரியும். உடம்பு நன்றாக இருக்கும்போதே சொந்தமாகச் சிறிதாக ஒன்று எடுத்துவிடுங்கள். வேலையை விடும்போது அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாற முடியும். கடைசி நாளுக்கு முன்பே ஹெச்.ஆரிடம் கேளுங்கள்.

ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களும் கவனியுங்கள். வரம்பு மாதம் 21,000 ரூபாய். சம்பளம் அதைத் தாண்டினால், நடக்கிற ஆறு மாதக் கட்டணக் காலம் முடிந்ததும் நீங்கள் அந்தத் திட்டத்தில் இல்லை. சம்பளம் கூடிய சந்தோஷத்தில் இதை யாரும் யோசிப்பதில்லை.

டாப்-அப்பையும் சூப்பர் டாப்-அப்பையும் ஒன்றென நினைப்பது

இரண்டுமே இருக்கிற பாலிசிக்கு மேல், ஒரு வரம்பைத் தாண்டும் செலவுக்காக எடுப்பவை. டாப்-அப், ஒரே முறை வரும் பில் அந்த வரம்பைத் தாண்டினால்தான் தரும். சூப்பர் டாப்-அப் வருடத்தின் எல்லா பில்லையும் கூட்டிப் பார்க்கும். இரண்டாவதை எடுங்கள்.

ஊர் முகவரியில் பாலிசி எடுத்து மும்பையில் வைத்தியம் பார்ப்பது

அப்பா அம்மாவுக்கு நெல்லை முகவரியில் எடுத்தால் பிரீமியம் குறைவு என்று எடுத்துவிடுகிறார்கள். குறைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பல கம்பெனிகள் நாட்டை மண்டலங்களாகப் பிரித்திருக்கின்றன; மும்பை செலவு அதிகமுள்ள மண்டலம். ஊர் மண்டலத்துக்குப் பணம் கட்டிவிட்டு இங்கே வந்து முட்டி ஆபரேஷன் செய்தால், பில்லில் ஒரு பங்கு உங்கள் தலையில் விழும் என்று சில பாலிசிகளில் எழுதியிருக்கும். பெற்றோர் வருடத்தில் பாதி நாள் மகன் வீட்டில் இருப்பவர்கள் என்றால் மும்பை முகவரியே போடுங்கள்.

70 வயதானவர்களுக்குக் கார்டு எடுக்காமல் இருப்பது

2024 அக்டோபர் 29 முதல், 70 வயது நிறைந்த யாருக்கும் வருமானம் பார்க்காமல் மத்திய அரசின் ஆயுஷ்மான் திட்டத்தில் வருடத்துக்கு 5 லட்சம் வரை இலவச சிகிச்சை. ஆதார் போதும். தனியார் பாலிசி இருந்தாலும் எடுக்கலாம்.

முதல் கேஷ்லெஸ் ஒப்புதலை முழு ஒப்புதலாக எடுத்துக்கொள்வது

முதலில் வருவது ஒரு பகுதித் தொகைதான். கடைசி பில் போன பிறகுதான் மீதி. கையுறை, டயப்பர் போன்ற பொருட்களுக்கு நிறைய பாலிசிகள் பணம் தராது, அதற்குக் கொஞ்சம் கையில் வைத்திருங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 மே 29 சுற்றறிக்கைப்படி, கேஷ்லெஸ் கேட்டால் பதில் ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் ஒப்புதல் மூன்று மணி நேரத்திலும் வர வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி ஆஸ்பத்திரி கூடுதலாக ஏதும் கேட்டால், அது இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பொறுப்பு. கேஷ்லெஸ் அனுப்பிய நேரம், பில் அனுப்பிய நேரம் இரண்டையும் எங்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுப்புக் கடிதத்தோடு வீட்டுக்குப் போய்விடுவது

பெரும்பாலானவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அப்படிப் போகாதீர்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரித்து முடிவு சொல்லும் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். மும்பையின் பெரும்பகுதிக்கு அந்த அலுவலகம் சாந்தாகுரூஸ் மேற்கில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். 50 லட்சம் வரையிலான வழக்குகளை எடுப்பார்கள். கம்பெனி கடைசியாக மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

போகும் முன் மருத்துவமனையின் ரெக்கார்ட்ஸ் பிரிவில் உள்நோயாளி கேஸ் பேப்பரின் முழு நகலை எழுதிக் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. டியூட்டி டாக்டர் முதல் இரவு என்ன எழுதினார் என்பது அந்த நகலில்தான் இருக்கும், கம்பெனி பிடித்துக்கொள்வதும் அந்தப் பக்கத்தைத்தான்.