பள்ளிக்கரணையில் பறவை பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலில் 2022இல் இடம்பெற்ற, சென்னையின் பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குப் பறவை பார்க்க வருபவர்கள், முதல் தவறை நிற்கும் இடத்திலேயே செய்துவிடுகிறார்கள். வேளச்சேரி–தாம்பரம் சாலை சதுப்பின் மேற்கு ஓரமாகச் செல்வதால், காலையில் அங்கிருந்து நீர்ப்பரப்பைப் பார்ப்பவருக்குச் சூரியன் நேர் எதிரே நிற்கும். அந்த வெளிச்சத்தில் நாமக்கோழியும் தாழைக்கோழியும் ஒரேபோலக் கறுத்துத் தெரிய, முன்னதன் நெற்றி வெள்ளை, பின்னதன் நெற்றி சிவப்பு என்று பிரித்தறிய வழியில்லாமல் போகும். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி இடம் பார்த்து நிற்க வேண்டும். இயலாவிட்டால் வெயில் ஏறுமுன் அங்கே பார்த்து முடித்துவிட வேண்டும்.

அடுத்தது, பெயர் சொல்வதில் காட்டும் அவசரம். வெள்ளையாக நிற்பதெல்லாம் கொக்குதான் என்று கடந்துவிடாமல் அலகையும் காலையும் பார்க்க வேண்டும். உண்ணிக்கொக்கின் அலகு மஞ்சள். சின்னக் கொக்குக்கு அலகும் காலும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். அது ஒரு காலை முன்னே நீட்டிச் சேற்றை நடுங்க நடுங்கக் கிளறி, கலைந்தோடும் மீனைக் கொத்துவதை ஐந்து நிமிடம் பார்த்தவர் அதன்பின் குழம்பமாட்டார். பறவையைக் கண்டதும் புத்தகத்தையோ கைபேசியையோ திறப்பவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். மண்நிறத்தில் அசையாமல் நிற்கும் மடையான், எழுந்து பறக்கும்போது வெண்சிறகு விரிப்பதைக் கண்டு அதை வேறொரு பறவையாகக் குறித்துக்கொள்பவர்களும் உண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படி எழுதியிருக்கிறேன்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, படத்துக்காக நெருங்கிப் போவது. நெடுங்கால் உள்ளான் நீரோரத்துத் திறந்த வெளியில் முட்டையிடுகிறது. கோடை வெயிலில் தாய்ப்பறவையும் தந்தைப்பறவையும் வயிற்றிறகை நீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர்விப்பதுண்டு. மனிதர் நெருங்கியதும் அவை எழுந்து தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றத் தொடங்கும். அது வரவேற்பு அன்று. அவை சுற்றும் நேரமெல்லாம் முட்டை வெயிலில் காய்கிறது. அந்தக் குரல் கேட்டதும் வந்த வழியே பின்வாங்கிவிட வேண்டும். பதிவுசெய்த கூவலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே வரவழைப்பதும் இதே வகைதான்; போட்டிக்கு ஆள் வந்ததென்று நம்பி அது இரைதேடலை விட்டுவிடுகிறது.

பளிச்சென்ற சட்டை, உரத்த பேச்சு ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பைனாகுலர் வாங்குவோர் மட்டும் பெரிய எண்ணுக்கு ஆசைப்பட வேண்டாம். 12 மடங்கு பெரிதாக்குவது கைநடுக்கத்தையும் அதே அளவு பெரிதாக்கும். 8 மடங்கே போதும்.

கடைசியாக, குறிப்பேட்டில் ‘நிறைய’ என்று எழுதுவது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரி தோறும் நடக்கிறது. அதற்கு உதவுவது எண்ணிக்கைதான். கூட்டத்தில் பத்துப் பறவைகளை எண்ணி, அவை அடைக்கும் இடத்தை அளவாகக் கொண்டு மீதியைக் கணிக்கலாம். பாதியில் கூட்டம் எழுந்துவிட்டால், எண்ணியவரையில் எழுதி, மீதி பறந்துவிட்டன என்பதையும் பக்கத்திலேயே குறித்துவிட வேண்டும்.