மை ஏஜ்ட் கேர் மதிப்பீட்டாளர் வீட்டுக்கு வரும் முன்

ஆஸ்திரேலியாவில் அரசு மானியத்துடன் முதியோர் பராமரிப்பு பெற முதலில் ஒரு மதிப்பீட்டைத் தாண்டியாக வேண்டும். வீடு துடைக்க ஆள் வருவதானாலும் சரி, முதியோர் இல்லத்தில் இடம் பெறுவதானாலும் சரி, நுழையும் வாசல் ஒன்றுதான்: மை ஏஜ்ட் கேர் என்ற அரசு சேவை. முன்பு ஏகாட், ராஸ் என்று தனித்தனி மதிப்பீட்டுக் குழுக்கள் வந்தன. 2024 டிசம்பர் 9 முதல் ஒரே மதிப்பீட்டு முறை. 2025 நவம்பர் 1இல் புதிய முதியோர் பராமரிப்புச் சட்டமும், வீட்டில் இருந்தபடியே பராமரிப்பு பெற உதவிய ஹோம் கேர் பேக்கேஜுக்குப் பதிலாக சப்போர்ட் அட் ஹோம் திட்டமும் நடைமுறைக்கு வந்தன. அதனால் சில ஆண்டுகளுக்கு முன் இதைக் கடந்து வந்த உறவினர்கள் சொல்லும் ஆலோசனையில் பல இன்று பொருந்தாது.

மதிப்பீட்டுக்குக் கட்டணம் இல்லை. சொத்து, வங்கி இருப்பு பற்றிய கணக்கும் இதில் வராது. அதை சர்வீசஸ் ஆஸ்திரேலியா என்ற அரசு அமைப்பு தனியாகப் பார்க்கும். இங்கே பார்ப்பதெல்லாம், அன்றாட வேலைகளில் எதை இவரால் தானாகச் செய்ய முடிகிறது, எதற்கு உதவி வேண்டும் என்பதைத்தான். விடைகளை மதிப்பீட்டாளர் ஓர் ஒருங்கிணைந்த மதிப்பீட்டுக் கருவியில் பதிவார். சப்போர்ட் அட் ஹோமின் 8 நிலைகளில் எது கிடைக்கும் என்பது அந்தப் பதிவுகளிலிருந்து கணிக்கப்படுகிறது. அரசு தரும் நிதி முதல் நிலைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 10,700 டாலர், எட்டாம் நிலைக்கு ஏறத்தாழ 78,000 டாலர். வந்தவர் எவ்வளவு இரக்கமுள்ளவராக இருந்தாலும், சொல்லாத சிரமம் பதிவில் ஏறாது. தமிழ்க் குடும்பங்களில் மதிப்பீடு சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வீட்டுக்கு வந்த புதியவரிடம் குறை சொல்வதா என்று நினைக்கும் தலைமுறை அது. நல்ல சேலை கட்டி, தேநீர் கொடுத்து உபசரித்து, "எல்லாம் சமாளிச்சுக்குவேன்" என்று அம்மா சொல்லிவிட்டால், பதிவில் ஏறுவதும் அதுதான்.

பதிவு செய்வது

பொதுவாக 65 வயது நிறைந்திருக்க வேண்டும். பூர்வகுடி மக்களுக்கும், வீடற்றோருக்கும் வீடிழக்கும் நிலையில் இருப்போருக்கும் 50. மை ஏஜ்ட் கேரை 1800 200 422 என்ற எண்ணில் அழைக்கலாம், இணையத்தில் விண்ணப்பிக்கலாம், குடும்ப மருத்துவரே பரிந்துரை அனுப்பலாம். மெடிகேர் அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் சிரமமென்றால் முதலில் டிஸ் நேஷனல் என்ற மொழிபெயர்ப்புச் சேவையின் 131 450 எண்ணை அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளரோடு மை ஏஜ்ட் கேருக்கு இணைக்கச் சொல்லுங்கள். இதுவும் இலவசம்.

இந்த முதல் அழைப்பை வெறும் பெயர்ப் பதிவு என்று எண்ணி அவசரமாக முடிக்காதீர்கள். எந்த வகை மதிப்பீடு, எவ்வளவு அவசரம் என்பதெல்லாம் இங்கே சொல்லும் விவரங்களை ஒட்டித்தான் தீர்மானமாகத் தொடங்கும். "கொஞ்சம் உதவி தேவை" என்றால், சிறு உதவிகளுக்கான சாதாரண மதிப்பீட்டுக்குப் போய்விடக்கூடும். அண்மையில் விழுந்தார், மருத்துவமனையில் இருந்து வந்தார், பார்த்துக்கொண்டவர் நோயில் விழுந்துவிட்டார், மருந்தை இரண்டு முறை எடுத்துவிட்டார் போன்றவற்றை அப்போதே சொல்லுங்கள்.

மகனோ மகளோ பேசுவதானால், பெற்றோரின் சம்மதத்தோடு பதிவு பெற்ற ஆதரவாளராகச் சேர்ந்துகொள்வது நல்லது. பழைய பிரதிநிதி முறைக்குப் பதிலாகப் புதிய சட்டம் கொண்டுவந்த ஏற்பாடு இது. தகவல் பெறவும் கூட இருந்து பேசவும் உதவும். பெற்றோருக்குப் பதிலாக முடிவெடுக்கும் அதிகாரம் இதனால் மட்டும் வராது.

வரும் முன் சேர்க்க வேண்டியவை

மெடிகேர் அட்டையோடு இன்னோர் அடையாள ஆவணம்: பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், ஓய்வூதிய அட்டை, ஏதாவது ஒன்று. குடும்ப மருத்துவர், சிறப்பு மருத்துவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும். மருத்துவமனையில் இருந்து வந்தபோது தந்த டிஸ்சார்ஜ் சம்மரி. இப்போது ஏதாவது உதவி வருகிறதென்றால் அதன் விவரம்.

மருந்துப் பட்டியலில் பெயரையும் அளவையும் மட்டும் எழுதினால் போதாது. யார் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்பதும் வேண்டும். இன்சுலினை மருமகள் போட்டுவிடுகிறாள், மாத்திரையை மருந்துக்கடை நாள்வாரியாக வெப்ஸ்டர் பேக்கில் அடைத்துத் தருகிறது, இருந்தும் மாலை மாத்திரை அடிக்கடி மறந்துபோகிறது என்ற அளவுக்குத் தெளிவாக இருக்கட்டும். சித்த, ஆயுர்வேத மருந்துகள் இருந்தால் அவற்றையும் சேருங்கள்.

மருத்துவரிடம் வாங்கும் கடிதத்தில் நோய்ப் பெயர்கள் மட்டும் இருந்தால் அதிகம் உதவாது. "மூட்டுவாதம்" என்பதைவிட "மூட்டுவாதத்தால் கைப்பிடி இல்லாமல் கழிப்பறை இருக்கையில் இருந்து எழ முடியவில்லை" என்ற வரிதான் மதிப்பீட்டாளருக்குப் பயன்படும். 75 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை மெடிகேர் வழியாக விரிவான உடல்நல மதிப்பீடு உண்டு. அதை இதற்கு முன் முடித்துவைத்தால் ஞாபகம், நடை, சிறுநீர்க் கட்டுப்பாடு எல்லாம் மருத்துவரின் பதிவேட்டில் ஏறியிருக்கும்.

கடந்த 12 மாதங்களில் விழுந்த நிகழ்வுகளைத் தனித்தாளில் எழுதுங்கள்: எந்த மாதம், எங்கே, தானாக எழ முடிந்ததா, நினைவு தப்பியதா, ஆம்புலன்ஸ் வந்ததா. விழப்போய்ச் சுவரைப் பிடித்துத் தப்பியதும் கணக்கில் உண்டு.

இரண்டு வாரக் குறிப்பு

ஆயத்தங்களில் மிகவும் பயன் தருவது இதுதான். பலர் செய்யாமல் விடுவதும் இதைத்தான். ஒரு நோட்டுப் புத்தகத்தில் இரண்டு வாரம், ஒவ்வொரு நாளும் யார், எதற்கு, எவ்வளவு நேரம் உதவினார்கள் என்று குறியுங்கள். குடும்பத்துக்குள் செய்யும் வேலை பழகிப்போய் உதவியாகவே தெரியாது. காலையில் வெந்நீர் எடுத்து வைப்பது, முதுகு தேய்ப்பது, சட்டைப் பொத்தான் போட்டுவிடுவது, கால் நகம் வெட்டுவது, இரவில் கழிப்பறைக்குக் கூடப் போவது, வங்கிக் கடிதம் படித்துச் சொல்வது, மருத்துவரிடம் ஓட்டிப் போவது. எழுதிப் பார்த்தால்தான் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் போகிறது என்று உங்களுக்கே புரியும்.

கேள்விகள் பெரும்பாலும் இந்தச் செயல்களைச் சுற்றியே வரும்: நடப்பது, கட்டிலில் இருந்தும் நாற்காலியில் இருந்தும் எழுவது, குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிப்பறை, சமையல், வீட்டு வேலை, கடைக்குப் போவது, மருந்து, பணம், வெளியே பயணம். ஒவ்வொன்றுக்கும் உதவியின்றி முடியுமா, ஓரளவு உதவி வேண்டுமா, முற்றாக முடியாதா என்று பார்ப்பார்கள். அருகில் நின்று கவனித்தால்தான் செய்ய முடியும், நினைவூட்டினால்தான் தொடங்குவார் என்றால் அதுவும் உதவிதான். "குளிப்பார், ஆனால் வழுக்கிவிடுவாரோ என்று கதவுக்கு வெளியே நான் நிற்பேன்" என்பதை "குளிப்பார்" என்று சுருக்கிவிடாதீர்கள்.

நம் வீடுகளில் மட்டும் தெரியும் அறிகுறிகள் சில உண்டு. அவற்றை மதிப்பீட்டாளர் கேட்கமாட்டார், நீங்களே சொல்ல வேண்டும். வாழ்நாள் முழுக்கச் சேலை கட்டியவர் நைட்டிக்கு மாறியது ஆசையால் அல்ல, கொசுவம் மடிக்க விரல் ஒத்துழைக்காததால் என்றால் அது உடுத்தும் திறன் குறைந்ததற்குச் சான்று. உடம்புக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வார், தலைக்குக் குளிக்கக் கை மேலே வராது என்றால் குளிப்பதில் பாதிதான் முடிகிறது. சாமி முன் தரையில் உட்கார்ந்தவர் இப்போது நாற்காலியில் இருந்தே கும்பிடுகிறார், உட்கார்ந்தால் எழுப்ப ஆள் வேண்டும். எப்போதும் சமைத்தவர் அடுப்பை அணைக்க மறந்ததால் ரொட்டியும் பிஸ்கட்டுமாகச் சமாளிக்கிறார். கோயிலுக்குப் போவதை நிறுத்தியதற்குப் பேருந்தில் ஏற முடியாததோ, இடையில் கழிப்பறை வேண்டிவருமோ என்ற பயமோ காரணமாக இருக்கலாம். ஒவ்வொன்றையும் காரணத்தோடு சொல்லுங்கள்.

நல்ல நாளை மட்டும் சொல்வது ஒரு பிழை. மிக மோசமான நாளையே தினமும் நடப்பதாகச் சொல்வது இன்னொரு பிழை. "வாரத்தில் நான்கு நாள் முட்டி வீங்கிப் படியிறங்க முடியாது, மற்ற நாட்களில் கைத்தடியோடு இறங்குவார்" என்பதே சரியான விடை. மிகைப்படுத்தினால், நடக்கவே முடியாது என்று சொல்லப்பட்டவர் எழுந்து வந்து கதவைத் திறக்கும்போது மற்றச் சொற்களின் நம்பகமும் போய்விடும்.

மொழிபெயர்ப்பாளர்

பிள்ளைகள் மொழிபெயர்ப்பது வசதிபோலத் தெரியும். நாங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. சிறுநீர் கசிவதை மகன் வழியாகச் சொல்ல அம்மா கூசுவார். அப்பாவின் ஞாபக மறதியை மகள் மென்மைப்படுத்திச் சொல்வாள். நேரம் குறிக்க மதிப்பீட்டு நிறுவனம் அழைக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று மீண்டும் உறுதிசெய்யுங்கள். ஆணா பெண்ணா, இலங்கைத் தமிழா இந்தியத் தமிழா என்ற விருப்பத்தையும் சொல்லலாம். கிடைப்பது ஆளிருப்பைப் பொறுத்தது. காது மந்தமென்றால் தொலைபேசி மொழிபெயர்ப்பு சரிவராது, நேரில் வரக் கேளுங்கள். கண்ணாடியும் செவிக்கருவியும் அன்று போட்டிருக்கட்டும், பேட்டரியைப் பார்த்து வையுங்கள்.

அந்த நாளில்

ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். அவருக்குத் தெம்பாக இருக்கும் நேரத்தை மட்டும் தேடிப் பிடிக்காதீர்கள். விசேஷமாக வீட்டை ஒழுங்குபடுத்தவும் வேண்டாம். பிடித்து நடக்கும் நாற்காலி வரிசை, கட்டிலருகே வைத்திருக்கும் வாளி, குளியலறையில் விரித்த பழைய துண்டு எல்லாம் இருந்த இடத்தில் இருக்கட்டும். குளியலறை, படிகள், கட்டில், இரவில் கழிப்பறைக்குப் போகும் வழி ஆகியவற்றைக் காட்டுங்கள். கைப்பிடி, குளியல் நாற்காலி போன்ற உபகரணங்களுக்கும் வீட்டு மாற்றங்களுக்கும் தனி நிதி இருக்கிறது. அதற்கான ஒப்புதலும் இந்த மதிப்பீட்டில் இருந்துதான் வருகிறது.

ஞாபகத்தைச் சோதிக்கும் கேள்விகள் வரலாம்: இன்றைய தேதி, ஒரு பெயரையும் முகவரியையும் நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்வது, கடிகார முகம் வரைவது. முன்கூட்டியே பயிற்சி கொடுப்பதும், பக்கத்தில் இருந்து விடை எடுத்துக் கொடுப்பதும் அவருக்குச் செய்யும் கெடுதல். தவறான விடையைத் திருத்த வாய் துடிக்கும், பேசாமல் இருங்கள். கணவன் மனைவி இருவருக்கும் மதிப்பீடு என்றால் தனித்தனியாகப் பேசக் கேளுங்கள். ஒருவரின் மறதியை மற்றவர் ஆண்டுக்கணக்கில் மறைத்து ஈடுகட்டிவரும் வீடுகள் ஏராளம்.

அம்மா முன்னால் சொல்ல முடியாத விஷயங்களை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கலாம், அல்லது தனியாகச் சில நிமிடம் பேசக் கேட்கலாம். ஒரு நாளைக்கு எத்தனை பேட் மாற்றுகிறார், இரவில் எத்தனை முறை எழுகிறார், சந்தேகம், கோபம், வழிதவறிப் போனது போன்றவை இதில் அடங்கும்.

பார்த்துக்கொள்பவரும் தன் நிலையை மறைக்கக் கூடாது. "நான் இருக்கிறேன், பார்த்துக்கொள்வேன்" என்றால் அந்தத் தேவை ஏற்கெனவே நிறைவேறிவிட்டது என்று பதிவாகும் அபாயம் உண்டு. உங்கள் வேலை நேரம், முதுகுவலி, சிறு பிள்ளைகள், தூக்கமின்மை, இதே உதவியைத் தொடர்ந்து எதுவரை செய்ய முடியும் என்பதையெல்லாம் நேராகச் சொல்லுங்கள். சொல்வது பெற்றோருக்குச் செய்யும் துரோகம் அல்ல.

அவர் கிளம்பும் முன் கேட்க வேண்டியவை: எந்தத் திட்டத்துக்குப் பரிந்துரைக்கப் போகிறீர்கள், சிறு உதவிகளுக்கான காமன்வெல்த் ஹோம் சப்போர்ட் புரோகிராமா, சப்போர்ட் அட் ஹோமா? முன்னுரிமை எந்த வகை? உபகரணங்கள் சேர்ந்திருக்கின்றனவா? தற்காலிகமாக இல்லத்தில் தங்கும் ரெஸ்பைட்டுக்கும் ஒப்புதல் தருவீர்களா? கடைசிக் கேள்வியை விடாதீர்கள். இன்று தேவையில்லை என்று தோன்றினாலும், பார்த்துக்கொள்பவர் திடீரென மருத்துவமனையில் சேர்ந்தால் அந்த ஒப்புதல் கையில் இருப்பது பெரிய உதவி. ரெஸ்பைட் ஒரு நிதியாண்டில் 63 நாட்கள் வரை கிடைக்கும்.

பெற்றோர் இப்போது மருத்துவமனையில் இருந்தால், வீட்டுக்கு அழைத்து வரும் முன் அங்குள்ள சமூகப் பணியாளரிடம் பேசுங்கள். குணமடையும் காலத்துக்கான டிரான்சிஷன் கேருக்கு மருத்துவமனையில் இருக்கும்போதே மதிப்பீடு நடக்க வேண்டும். வீடு வந்தபின் கேட்டால் கிடைக்காது.

கடிதம் வந்த பிறகு

முடிவுக் கடிதத்தோடு ஆதரவுத் திட்டமும் வரும். நிலை எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைக்காமல், ஆதரவுத் திட்டத்தை உங்கள் நோட்டுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் படியுங்கள். "உதவியின்றிக் குளிக்கிறார்" என்று இருந்தால், பிழை எங்கே என்று அங்கேயே தெரிந்துவிடும். மதிப்பீட்டு நிறுவனத்தை அழைத்துக் கேளுங்கள். முடிவில் உடன்பாடில்லை என்றால் கடிதம் கிடைத்த 28 நாட்களுக்குள், எந்தப் பதிவு தவறு, அதற்கு என்ன சான்று என்று குறிப்பிட்டு மறுபரிசீலனைக்கு எழுத வேண்டும். அதிலும் தீராவிட்டால் நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயம் இருக்கிறது. எழுதத் துணை வேண்டுமானால், முதியோருக்காகக் குரல் கொடுக்கும் ஓபான் அமைப்பின் இலவச எண் 1800 700 600.

பதிவு அன்றைக்குச் சரியாக இருந்து, பிறகு நிலைமை மோசமானால் மேல்முறையீடு தேவையில்லை. மீண்டும் மை ஏஜ்ட் கேரை அழைத்து, என்ன மாறியது என்று சொல்லி மறுமதிப்பீடு கேட்கலாம். காத்திருக்கும் காலத்தில் பார்த்துக்கொள்பவருக்கு ஆறுதலும் அவசர ஓய்வும் கேரர் கேட்வே என்ற பராமரிப்போருக்கான சேவையில் கிடைக்கும், எண் 1800 422 737.