ரெடிஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: பாஸ்வேர்டு போட்டாலும் சர்வர் விழும்

போன வாரம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் ரெடிஸ் (டேட்டாவை மெமரியிலேயே வைத்துக்கொள்ளும் டேட்டாபேஸ்) சர்வரை அமைத்துக் காட்டினார். ரெடிஸின் 6379 போர்ட் வெளியுலகுக்கே திறந்து கிடந்தது. கேட்டதற்கு, "பாஸ்வேர்டு போட்டிருக்கேண்ணா" என்றார். சில வருடங்களுக்கு முன்பு நானும் இதையேதான் சொன்னேன். பாஸ்வேர்டே போடாமல் விடுவதைப் பற்றி எழுதப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

பாஸ்வேர்டு போதும் என்று நம்புவது

பாஸ்வேர்டு காப்பது டேட்டாவை. சர்வர் விழாமல் இருப்பது வேறு விஷயம். 2025 ஏப்ரலில் வெளிவந்த சிவிஇ-2025-21605 என்ற எண் கொண்ட பாதுகாப்பு ஓட்டையைப் பாருங்கள். பாஸ்வேர்டு தராதவர் கட்டளை அனுப்பினால் ரெடிஸ் 'நோஆத்' (லாகின் தேவை) என்று ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதும். அவர் பதிலை வாங்காமல் கட்டளைகளைக் கொட்டிக்கொண்டே இருந்தால், பதில்கள் எல்லாம் சர்வரின் மெமரியில் தேங்கும். சாதாரண கிளையன்ட்டுக்கான பஃபரின் (பதில்கள் காத்திருக்கும் மெமரியின்) வரம்பு, நாம் மாற்றாதவரை, '0 0 0'. அதாவது வரம்பே கிடையாது. மெமரி தீர்ந்ததும் லினக்ஸ் ரெடிஸை நிறுத்திவிடும். 2.6 பதிப்பிலிருந்தே இருந்து வந்த ஓட்டை இது.

எனக்கு அடி விழுந்தது வேறு வழியாக. காரணம் அதே '0 0 0'. ஒரு ராத்திரி, சர்வருக்கு வரும் கட்டளைகளை எல்லாம் காட்டும் 'மானிட்டர்' கட்டளையை ஓடவிட்டு, கன்ட்ரோல்-இசட் அழுத்தி அதைப் பாதியில் நிறுத்தி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனேன். இணைப்பு உயிரோடு இருந்தது, படிக்கத்தான் ஆள் இல்லை. இணைப்புகளைப் பட்டியலிடும் 'கிளையன்ட் லிஸ்ட்' போட்டுப் பார்த்தபோது அந்த ஒரு வரியில் மட்டும் 'ஓமெம்' (தேங்கிய பதில்கள் பிடித்த மெமரி) 5 ஜிபியைத் தொட்டிருந்தது. அந்த இணைப்பைத் துண்டிக்க நான் 'கிளையன்ட் கில்' அடிப்பதற்குள் சர்வர் போய்விட்டது. லாகின் செய்திருந்த அத்தனை பேரும் வெளியே. அதனால்தான் அந்த வரம்பை யாராவது அப்படியே விட்டால் இன்றும் கோபம் வருகிறது.

சரி, என்ன செய்யலாம்? போர்ட்டை அப்ளிகேஷன் சர்வர்களுக்கு மட்டும் ஃபயர்வாலில் திறங்கள். 6.2.18, 7.2.8, 7.4.3 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புக்கு மாறுங்கள். உங்கள் மிகப்பெரிய பதிலின் அளவை அளந்து பார்த்து, அதற்கு மேல் பஃபருக்கு ஒரு வரம்பு வையுங்கள்.

ரெடிஸில் மட்டும்தான் இப்படி என்று நினைப்பது

இல்லை. போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸில் 2013-இல், '-' என்று தொடங்கும் டேட்டாபேஸ் பெயரோடு இணைப்பு கேட்டாலே சர்வரின் கோப்புகளைக் கெடுக்க முடிந்தது. லாகின் தேவையில்லை, போர்ட் எட்டினால் போதும்.

அப்டேட்டைத் தள்ளிப்போடுவது

மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வரைத் தாக்கிய எஸ்க்யூஎல் ஸ்லாமர் என்ற வொர்ம் (தானாகப் பரவும் நிரல்) பரவியது 2003 ஜனவரி 25. அதற்கான பேட்ச் வந்தது 2002 ஜூலையிலேயே.

விழுந்தால் தானாக ரீஸ்டார்ட் ஆகும் என்பது

ஆகும். போர்ட் திறந்திருக்கும்வரை மறுபடி விழும்.