வீட்டு வரி ரசீதில் பெயர் மாற்ற

நாகர்கோவில் 2019-இல் மாநகராட்சி ஆகிவிட்டது. எங்கள் தெருவில் பல வீடுகளுக்கு வரி ரசீது இன்னும் காலமான தாத்தா பெயரில்தான் வருகிறது. மாற்றணுமா? முதலில் பாக்கியைக் கட்டுங்கள்; நிலுவையோடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஏப்ரல் 30, அக்டோபர் 31-க்குள் கட்டினால் அந்த அரையாண்டு வரியில் 5 சதவீதம் குறையும், விடாதீர்கள்.

அப்புறம் பத்திர நகல், கடைசி ரசீது, ஆதார். வாரிசு என்றால் இறப்புச் சான்றிதழும் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழும். நம்ம ஊர்த் தலைவலி ஒன்று உண்டு: 1956 வரை நம்ம ஊர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்ததால், அதற்கு முந்தைய மூலப்பத்திரம் மலையாளத்தில் இருக்கலாம். தமிழாக்கத்தையும் சேர்த்து வையுங்கள். இனிஷியல் எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். குடிநீர் இணைப்பு தனிக் கணக்கு. அதற்கும் அன்றே மனு கொடுத்துவிடலாம்.