மூன்று இலட்சம் கிலோமீற்றர் ஓடிய பென்ஸ்: கல்லடி உப்புக்காற்றில் அதை எப்படிப் பராமரிப்பது?

பழைய சொகுசு காரின் விலை இறங்கியிருக்கும். அதன் உதிரிப்பாகங்களின் விலை இறங்கியிருக்காது. வாங்கப் போகிறவர்கள் இதை முதலில் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். இலங்கையில் 2020 மார்ச்சில் தனியார் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் நம் பக்கத்தில் பலர் பழைய பென்ஸ், பி.எம்.டபிள்யூ கார்களை வாங்கினார்கள். அவற்றில் கணிசமானவை இன்று கொட்டில்களில் தூசி படிந்து நிற்கின்றன. அந்தக் கார்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது, ஏனென்றால் பெரும்பாலானவை காப்பாற்றியிருக்கக் கூடியவை.

என்னிடம் இருப்பது 1994ஆம் ஆண்டின் பென்ஸ் இ 220. மாமாவிடமிருந்து வந்தது. இன்று 312,000 கிலோமீற்றரைத் தாண்டிவிட்டது. மட்டக்களப்புக் கல்லடியில் கடலுக்கு மிக அருகில் நிற்கிறது. கொழும்புக்கும் கண்டிக்கும் தயங்காமல் எடுத்துச் செல்கிறேன். நான் கற்றதைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்காக எழுதுகிறேன்.

கிலோமீற்றர் எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எஞ்சினின் இரும்பு மெல்லத்தான் தேயும். ரப்பர், பிளாஸ்டிக், திரவங்கள் ஆகியவை கார் ஓடாமல் நின்றாலும் கெடும். எனவே ஓடிய தூரத்தோடு நாட்காட்டியையும் பார்த்துப் பராமரிக்க வேண்டும்.

முதல் படி: ஒரு கொப்பியும் ஓர் அட்டையும்

கொப்பியில் காரின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்: எப்போது மாற்றியது, எத்தனை கிலோமீற்றரில். விற்றவர் “எல்லாம் மாற்றியாயிற்று” என்று சொல்லியிருப்பார். பற்றுச்சீட்டு இல்லையென்றால் “மாற்றவில்லை” என்றே எழுதுங்கள்.

இரவில் எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் கீழே ஒரு பெரிய வெள்ளை அட்டையை விரித்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் கரும்பழுப்புத் துளி இருந்தால் எஞ்சின் ஒயில். சிவப்பு என்றால் பெரும்பாலும் தானியங்கிக் கியர் ஒயில் அல்லது ஸ்டியரிங் ஒயில். பச்சையோ நீலமோ இளஞ்சிவப்போ, தொட்டால் வழுக்கினால் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட். வெறும் தெளிந்த தண்ணீர் ஏசியிலிருந்து வருவது, அதை விட்டுவிடலாம்.

பிறகு செலவு வரிசையைத் தீர்மானியுங்கள். பிறேக், டயர் போன்று காரை நிறுத்த உதவுபவை முதலில், எஞ்சினைக் கொல்லக் கூடியவை அடுத்து, நடுவழியில் விட்டுவிடுபவை மூன்றாவது, சுகத்துக்கானவை கடைசியில். பெயின்ற்றும் ஒலிபெருக்கியும் காத்திருக்கட்டும். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தவர்களின் கார்கள்தான் கொட்டிலில் நிற்கின்றன.

இரண்டாம் படி: சூடு

நம் வெப்பத்தில் பழைய காரின் முதல் எதிரி இதுதான், ஆகவே இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் தைப்பொங்கலுக்கு முந்திய வாரம் கண்டிக்குப் புறப்பட்டேன். செங்கலடியில் திரும்பி, கரடியனாறு கடந்து, புல்லுமலையை நெருங்கும்போது வெப்பமுள் 80க்குச் சற்று மேலே இருக்கும் தன் வழக்கமான இடத்தை விட்டு ஏறத் தொடங்கியது. உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினேன். ரேடியேற்றரின் கீழ் ஹோஸில், கிளிப்புக்கு ஒட்டினாற்போல், நகம் அளவுக்கு ஒரு கீறல். அதிலிருந்து தண்ணீர் புகைபோலச் சீறிக்கொண்டிருந்தது. வெளியே அந்த ஹோஸ் கறுத்து மினுங்கியது. முந்திய வாரம்தான் நானே துடைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து அதை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தபோது உட்பக்கம் முழுவதும் வற்றிய குளத்துச் சேறுபோல வெடித்திருந்தது. காரிலே மலிவான பொருட்களில் ஒன்று அது. நான் இன்னும் பத்து நிமிடம் ஓட்டியிருந்தால் எஞ்சினின் மேற்பகுதியான அலுமினியச் சிலிண்டர் ஹெட் வளைந்திருக்கும்.

எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு ஒவ்வொரு ஹோஸையும் கிளிப்புக்கு அருகில் அமுக்கிப் பாருங்கள். நொறுநொறுவென்று சத்தம் வந்தாலோ, சேறுபோல மெத்தென்று இருந்தாலோ, உப்பியிருந்தாலோ மாற்றுங்கள். வயது தெரியாவிட்டால் எல்லா ஹோஸ்களையும், சூட்டுக்கேற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டையும், ரேடியேற்றர் மூடியையும் ஒரே தடவையில் மாற்றிவிடுவது நல்லது. அந்த மூடிதான் உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்துக் கொதிநிலையை உயர்த்துகிறது. அதன் ரப்பர் போனால் நல்ல தண்ணீரும் முன்னதாகவே கொதிக்கும். 2000ஆம் ஆண்டை ஒட்டிய பி.எம்.டபிள்யூ கார்களில் கூலன்ட் தாங்கி பிளாஸ்டிக்கால் ஆனது. அது வெடிப்பது பெயர்போன குறை. அனுபவமுள்ளவர்கள் ஏறக்குறைய 100,000 கிலோமீற்றருக்கு ஒரு முறை, வெடிக்கும் வரை காத்திராமல் மாற்றிவிடுகிறார்கள்.

கிணற்றுத் தண்ணீரை ஊற்றாதீர்கள். கரையோரக் கிணறுகளில் உவர் உண்டு. அந்த உப்பு ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களில் படியும், அலுமினியத்தை அரிக்கும். காருக்குரிய கூலன்ட்டையும் காய்ச்சி வடித்த நீரையும் சரிபாதியாகக் கலந்து ஊற்றுங்கள்.

அம்பாறைப் பக்கம் ஓடுகிறவர்களுக்கு இன்னொன்று. வேளாண்மை வெட்டுக் காலத்தில் வீதியோரம் நெல் காய்கிறது, அறுவடை இயந்திரங்கள் சுணையைக் கிளப்புகின்றன. அது ஏசி கண்டென்சருக்கும் ரேடியேற்றருக்கும் நடுவில் போய்ப் பாய்போல ஒட்டிக்கொள்ளும். முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. பருவம் முடிந்ததும் எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி மெல்லிய வேகத்தில் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். அதிவேகக் குழாயைப் பிடித்தால் தகடுகள் மடங்கிவிடும்.

முள் ஏறினால்: ஏசியை அணையுங்கள், ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்துக் காற்றை உச்சத்தில் விடுங்கள், பாதுகாப்பான முதல் இடத்தில் நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். (சில கார்களில் ஹீட்டர் ஹோஸை யாரோ அடைத்து வைத்திருப்பார்கள். உங்களுடையது வேலை செய்கிறதா என்று இன்றே பாருங்கள்.) சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

மூன்றாம் படி: பிறேக்கும் டயரும்

பிறேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 155 பாகை வரை இறங்கிவிடலாம். வாவியும் கடலும் சூழ்ந்த ஊரில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவதைத் தவறவிடாதீர்கள். கண்டியிலிருந்து மகியங்கனை நோக்கிப் பதினெட்டு வளைவில் இறங்கும்போது பெடல் பஞ்சாகிவிடுவது இந்த ஈரத்தால்தான். இறக்கத்தில் கியர் நெம்பைக் கீழ்க் கியருக்கு இழுத்து எஞ்சினாலும் வேகத்தை அடக்குங்கள்.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2219 என்றால் 2019ஆம் ஆண்டின் 22ஆம் வாரம் செய்யப்பட்டது. பூ நன்றாக இருந்தாலும் பத்து வயதான டயரில் குடும்பத்தை ஏற்றாதீர்கள்.

நான்காம் படி: ஒயில்

எஞ்சின் ஒயிலை நான் 5,000 கிலோமீற்றருக்கு அல்லது ஆண்டுக்கு ஒரு முறை, எது முந்துகிறதோ அப்போது மாற்றுகிறேன். கல்லடியிலிருந்து பாலம் தாண்டி நகரத்துக்குப் போய்வருவதுபோன்ற குட்டிப் பயணங்களில் எஞ்சின் முழுச்சூடு அடைவதில்லை. உள்ளே ஈரம் தங்கும். ஒயில் மூடியின் உட்பக்கத்தில் பாலாடைபோல வெளிறிய பசை தெரிந்தால் ஒரு நீண்ட பயணம் போய்வந்து மீண்டும் பாருங்கள். அப்போதும் இருந்து, கூலன்ட்டும் குறைந்தால் சிலிண்டர் ஹெட்டுக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்க வேண்டும். ஒயில் வாங்கும்போது கலனின் பின்பக்கத்தில் உங்கள் காரின் தயாரிப்பாளர் கொடுத்த அங்கீகார எண் (பென்ஸுக்கு 229.3, 229.5 போன்றவை) அச்சாகியிருக்கிறதா என்று வாசியுங்கள்.

தானியங்கிக் கியர் ஒயில் “ஆயுள் முழுவதற்கும்” என்று சில கையேடுகள் சொல்லும். அதை நம்பாதீர்கள். பல சொகுசு கார்களுக்குக் கியர் பெட்டி செய்யும் ‘இசட் எஃப்’ நிறுவனமே 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள் அல்லது எட்டு ஆண்டுகளில் மாற்றச் சொல்கிறது. கீழ்த்தட்டைக் கழற்றி வடிகட்டியையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: மின்சாரமும் எலியும்

சிறிய மல்டிமீற்றர் ஒன்று வாங்குங்கள். எஞ்சினை அணைத்துச் சில மணி நேரம் கழித்து பற்றரி 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 13.8 முதல் 14.4 வரை. கணினிகள் நிறைந்த கார்களில் பலவீனமான பற்றரி ஒன்றே பத்துப் பொய் எச்சரிக்கைகளை ஏற்றிவிடும். எதையும் கழற்றுவதற்கு முன் இதை அளந்து பாருங்கள்.

1992 முதல் 1995 வரையிலான பென்ஸ் வாங்குகிறவர்கள் எஞ்சின் வயர்க் கட்டைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அக்காலத்து வயர் உறை சூட்டில் உதிரும் தன்மை கொண்டது. என் காரில் ஒரு பிளக்கின் அருகே வெளியுறையை விலக்கி ஒரு வயரை மெல்ல வளைத்தேன். பச்சை உறை ஊதுபத்திச் சாம்பல்போல விரலில் உதிர்ந்தது, உள்ளே செம்பு அம்மணமாக நின்றது. அந்தக் கட்டை முழுவதும் மாற்றிய பிறகுதான் காரணம் தெரியாத இழுவைக் குறைவு நின்றது.

வெட்டு முடிந்த வயலிலிருந்து எலிகள் சூடான எஞ்சினைத் தேடி வரும். சம்மாந்துறையில் ஒரு நண்பரின் கார் ஒரே இரவில் இரண்டு சென்சர் வயர்களை இழந்தது. வாரக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள். நிறுத்த வேண்டியிருந்தால் பொனட்டைத் திறந்து வையுங்கள், எலி இருளைத்தான் தேடுகிறது.

ஆறாம் படி: உப்பும் வெள்ளமும்

வாரம் ஒரு முறை காரின் அடிப்பகுதியைக் குழாய்த் தண்ணீரால் கழுவுங்கள். உவர்க் கிணற்று நீரால் கழுவினால் உப்பை உப்பால் கழுவுவதாகிவிடும். கதவின் அடியிலுள்ள சிறு வடிகால் துளைகளை மெல்லிய ஈர்க்கிலால் குத்தித் திறந்து விடுங்கள். என் வகைப் பென்ஸில் ஜாக்கி பொருத்தும் இடங்களின் பிளாஸ்டிக் மூடிகளுக்குப் பின்னால் துரு ஒளிந்திருக்கும். மூடியைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

மாரி வெள்ளத்தில் கார் மூழ்கினால் எஞ்சினை முடுக்கவே வேண்டாம். பற்றரியைக் கழற்றிவிட்டு இழுத்துச் செல்லுங்கள். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் சுருங்காது. வளைவது பிஸ்டனோடு இணைந்த தண்டான கனெக்டிங் ரொட்தான்.

ஏழாம் படி: பாகம் வாங்குதல்

உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தைக்குத் தொலைபேசி எடுப்பதற்கு முன் செசி இலக்கத்தைக் கொண்டு பாகத்தின் எண்ணைக் கண்டுபிடித்து வையுங்கள். ஒரே மாடலில் மூன்று வகை வோட்டர் பம்ப் இருக்கலாம். பெட்டியில் பென்ஸ் நட்சத்திரம் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. போஷ், லெம்ஃபோர்டர், மாலே, சாக்ஸ் போன்றவை கார் தொழிற்சாலைகளுக்கே பாகங்களை வழங்குபவை, விலையும் குறைவு. கண்ணாடி, விளக்கு, கதவு மோட்டார் ஆகியவற்றைப் பழையதாக வாங்கலாம். ரப்பர், பிறேக், வோட்டர் பம்ப் ஆகியவற்றை ஒருபோதும் பழையதாக வாங்காதீர்கள்.

கராஜில் மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஆரையம்பதியில் நான் போகும் மெக்கானிக் அண்ணன் முதல் தடவை, “இந்தக் குப்பை எதற்குத் தம்பி?” என்று கேட்டார். இப்போது நான் கேட்காமலே பொலித்தீன் பையில் போட்டு, மேலே திகதியும் கிலோமீற்றரும் எழுதித் தருகிறார். புல்லுமலை ஹோஸின் இரண்டு பாதிகளும் என் கொட்டிலில் ஆணியில் தொங்குகின்றன. பழைய கார் வாங்கப் போகிறேன் என்று யார் வந்தாலும் முதலில் அதைத்தான் கையில் கொடுத்து உட்பக்கத்தைத் தடவிப் பார்க்கச் சொல்கிறேன்.